பிள்ளை தூங்க என்ன வாங்கலாம், டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பிள்ளை தூங்கும்போது படியுங்கள். (அந்த நேரத்தில் நீங்களும் தூங்குவதுதான் நல்லது, அது வேறு.)

போன வாரம் ராத்திரி 2.40க்கு என் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. நான் பார்த்தது விடியற்காலை 5 மணிக்கு. அனுப்பியவள் மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் என்னிடம் படித்தவள். இப்போது சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அம்மா இல்லாத பெண். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு ராத்திரி வீட்டில் இருக்கமாட்டார். "டீச்சர், தம்பி ராத்திரியெல்லாம் தூங்கவே மாட்டேங்கிறான். இன்னும் ரெண்டு வாரத்துல கடைக்குப் போகணும். பக்கத்து வீட்டுல ஒரு சிரப் சொல்றாங்க. சளிக்குக் குடுக்கிறதுதானாம், கொஞ்சம் குடுத்தா நல்லா தூங்குமாம். குடுக்கலாமா?" கூடவே பாட்டிலின் படம். பிள்ளைக்கு வயது இரண்டரை மாதம்.

உடனே போன் போட்டேன். "கொடுத்துட்டியா?" என்று கேட்டபோது என் குரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. "இல்ல டீச்சர், உங்களக் கேட்டுட்டுக் குடுக்கலாம்னுதான்" என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் அப்படிப் பதறினேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதே வாரம் இங்கே கடலூரில் என் தம்பி வீட்டில் வேறொரு காட்சி. தம்பி மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை வருவதற்கு முன்பே அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. தானாக ஆடும் தொட்டில், மழைச் சத்தம் போடும் பெட்டி, குழந்தையைச் சுற்றிக் கூடு மாதிரி மேடு வைத்த மெத்தை, தலை உருண்டையாக வர நடுவில் குழி வைத்த தலையணை, உள்ளே சிறு மணிகள் வைத்துத் தைத்த கனமான தூக்கப் பை. மொத்தம் 31,000 ரூபாய். "அத்தை, எல்லாம் படிச்சுப் பார்த்துதான் வாங்கினேன்" என்றாள். அவள் படித்திருப்பாள். விற்பவர்கள் எழுதியதைப் படித்திருப்பாள்.

இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான். பிள்ளை தூங்க எதை வாங்குவது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கத்துக்காகப் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். படுக்கையில் சாமான் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கையில் காசு இருந்தால் கொசுவலை வாங்குங்கள், மீதியைப் பெற்றவள் ஓய்வுக்குச் செலவழியுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 34 வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள், இரண்டு பிள்ளை பெற்றவள், மூன்று பேரப்பிள்ளைகளைத் தூளியில் ஆட்டியவள். டாக்டர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகு வந்தது.

இனி அந்தப் பதற்றத்தின் கதை.

1987. மகன் பிறந்து 90 நாள் விடுப்பு முடிந்தது. அப்போது எங்களுக்கு அவ்வளவுதான். வீடு திருப்பாதிரிப்புலியூரில், பள்ளிக்கூடம் ஆலப்பாக்கம் தாண்டி. காலையில் சிதம்பரம் பக்கம் போகும் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். அந்த மீட்டர் கேஜ் வண்டியை விட்டால் பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பிரேயர் முடிந்துவிடும். மகன் ராத்திரி நாலைந்து தடவை எழுவான். பகலில் பார்த்துக்கொண்டது என் மாமியார். அவருக்கு மூட்டு வலி. "பகல்ல ஒரேயடியாக் கத்துறான்மா, தூக்கி வச்சிக்க முடியல" என்பார். அது குறை சொன்னது இல்லை, நிஜமாகவே முடியவில்லை.

தெரிந்த ஒரு அம்மாள் ஒரு சளி மருந்தின் பெயரைச் சொன்னார். மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். காலையில் கிளம்புமுன் பாலாடையில் கொஞ்சம். நாலு நாள் வீடு அமைதியாக இருந்தது. "புள்ள தங்கமா இருக்கான்" என்றார் மாமியார்.

ஐந்தாம் நாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாலை 5.30. தூளி அசையாமல் தொங்கியது. காலையில் தூங்கியவன் நடுவில் ஒரு தடவை அரைக்கண் திறந்தானாம், பால் இறங்கவில்லையாம், மறுபடி கண்ணை மூடிக்கொண்டானாம். உதடு காய்ந்து கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை. முகத்தை லேசாகச் சுளித்தான், அவ்வளவுதான்.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கொடுத்தீங்க?" நான் சொன்ன பதில், "ஒண்ணும் கொடுக்கலை சார்." வகுப்பில் பொய் சொன்னால் முட்டி போட வைக்கும் டீச்சர் சொன்ன பதில் அது. என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்ததை அவர் எப்போது பார்த்தாரோ.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கதையை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பதிவு எழுதுமுன் மகனிடம் போனில் சொன்னேன். "அதனாலதான் எனக்குக் கணக்கு வரலையா?" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த மாதிரி சிரப்புகளில் இருப்பது புரோமெதசின், குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்துகள். பெரியவர்களுக்கே தூக்கம் தள்ளும். சின்னக் குழந்தைக்கு மூச்சையே மந்தமாக்கிவிடலாம். புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004ல் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை போட வைத்தது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் சொன்னது. 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடித்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே கலந்திருந்தது டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம், அது வேறு விவகாரம். ஆனால் அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அப்போது மத்திய அரசு மறுபடியும் சொன்னது: 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம், 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை. நோய்க்கே வேண்டாம் என்பதைத் தூக்கத்துக்கு எப்படிக் கொடுப்பது?

"அப்ப நாட்டு மருந்து கொடுக்கலாமா டீச்சர்?" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவது நம் பக்கம் வழக்கம். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். ராத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பார்கள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், அது என் அம்மாவின் வாசனை. ஆனால் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1968லேயே தடை செய்துவிட்டார்கள். ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தால் தூங்குகிறதே என்றால், மயக்குவதால்தான் தூங்குகிறது. கசகசா அபினிச் செடியின் விதை. துபாயில் இருக்கும் நம் உறவுகளைக் கேளுங்கள், ஊரிலிருந்து கசகசா கொண்டுபோனால் என்ன ஆகும் என்று. தேன் ஒரு வயது வரை கூடாது, அதிலிருக்கும் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து விஷமாகும். கிரைப் வாட்டர் 1851ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஊரில் வில்லியம் வுட்வர்ட் என்பவர் தொடங்கியது. பழைய தயாரிப்பில் சாராயமும் இருந்தது. பிள்ளை ஏன் அமைதியானது என்று இப்போது புரிகிறதா? இன்றைக்கு விற்பதில் அது இல்லைதான். ஆனாலும் முதல் 6 மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது இது எதற்கு?

முன்காலத்துப் பாட்டிகளை நான் குறைத்துப் பேசவில்லை. எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மேலே போட்டு வெந்நீர் ஊற்றினால் அது தூங்கியே தீரும். அந்த வித்தையை வைத்துக்கொள்வோம். குளித்ததும் போடும் சாம்பிராணிப் புகையை மட்டும் விட்டுவிடுவோம்.

ராத்திரியில் எழுவது நோயா? இல்லை. பிறந்த பிள்ளைக்கு வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பசிக்கும். இரவு பகல் தெரிகிற உடல் கடிகாரம் உருவாகவே இரண்டு மூன்று மாதம் ஆகும். நாம் அதற்கு உதவலாம். காலையில் சன்னலைத் திறந்து வெளிச்சம் படும்படி வையுங்கள், ராத்திரி பால் கொடுக்கும்போது டியூப் லைட்டைப் போடாமல் சின்ன விளக்கு போதும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, அதனால் இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இப்போது தம்பி மகளின் பெட்டிகளுக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்தார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகள் நிறைய. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1994ல் நாடு முழுக்கப் பிரச்சாரம் தொடங்கினார்கள். அந்தச் சாவுகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. எந்தப் பொருளும் விற்காமல், படுக்கும் விதத்தை மாற்றியே அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல் சொன்னதும் அதே வழிதான்: மல்லாக்க, சமமான, கெட்டியான படுக்கை, அதில் தலையணை, மெத்தை மேடு, பொம்மை, கனமான போர்வை எதுவும் வேண்டாம். அதே ஆண்டு சாய்வுத் தூக்க இருக்கைகளையும் தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைப் பட்டிகளையும் விற்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள், பல குழந்தைகளின் உயிர் போன பிறகு. காரணம் எளிது. சின்னப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. மேட்டில் முகம் புதைந்தாலோ, தாடை நெஞ்சில் இடித்தாலோ, தானாக நகர்ந்து மூச்சு விட அதற்குத் தெரியாது.

ஆகவே கூடு மெத்தை, குழித் தலையணை, கனமான பை மூன்றையும் திருப்பி அனுப்பச் சொன்னேன். நம்முடைய கடுகுத் தலையணைக்கும் இதே தீர்ப்புதான். தலை உருண்டையாக, விழித்திருக்கும்போது கண் பார்வையில் சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும். தம்பி மகள் முகம் வாடிப்போனது. ஆனால் 31,000ல் பாதிக்கு மேல் திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மழைச் சத்தப் பெட்டி பற்றி எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் வீட்டு சீலிங் ஃபேன் செய்யும் வேலை அது. கனடா ஆய்வாளர்கள் 2014ல் இப்படிப்பட்ட 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தார்கள். ஒரு அடி தூரத்தில் 3 கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. அது தொழிற்சாலையில் காதுக்கு மூடி போடச் சொல்லும் அளவு. வைத்தே ஆக வேண்டுமென்றால் அறையின் எதிர்ச் சுவரில், குறைந்த சத்தத்தில் வைக்கலாம்.

தூளிக்கு வருவோம். சிலர் ஏணை என்பீர்கள். இதைப் பற்றி நான் எழுதப்போவது சில பெரியவர்களுக்குப் பிடிக்காது. பழைய பருத்திப் புடவை, உத்திரத்தில் ஒரு கொக்கி, நடுவில் ஒரு கட்டை. ரயிலில் இரண்டு பர்த்துக்கு நடுவில்கூடக் கட்டிவிடுவோம், நடவு நடும் இடத்தில் மரக்கிளையில் கட்டுவோம். காற்று வரும், தரையில் ஊர்வது ஏறாது, அம்மா வயிற்றுக்குள் இருந்த மாதிரி ஆட்டம். உலகத்தில் எந்தக் கம்பெனி தொட்டிலும் இதற்கு ஈடில்லை என்று நானும் பேசியவள்தான். ஆனால் தூளி சமமான படுக்கை இல்லை. துணி குறுகிக்கொண்டால் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். ஆகவே என் கருத்து: தூளி தூங்க வைப்பதற்கு. பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, கட்டை வைத்து அகலமாக விரித்து, தரைக்கு ஒரு முழத்துக்கு மேல் போகாமல். தூங்கியதும் எடுத்துத் தரையில் கிடத்துங்கள். ராத்திரி முழுக்கத் தூளியில் விட்டுவிட்டு நாம் தூங்கக் கூடாது. குப்புறக் கவிழத் தொடங்கிவிட்டால் தூளிக் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தூளி காலியாகத் தொங்கினால் அண்ணனோ அக்காவோ அதில் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றுவார்கள். கழுத்து இறுகி இறந்த பிள்ளைகளின் செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. 7 வயது, 9 வயது, 11 வயதுப் பிள்ளைகள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதைச் சொல்வேன், உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பிள்ளையை எடுத்த கையோடு தூளியை அவிழ்த்துவிடுங்கள், முடியாவிட்டால் சுருட்டி உத்திரத்தின் மேல் போடுங்கள்.

எடுத்துக் கிடத்தினால் முழித்துக்கொள்கிறதே என்பீர்கள். ஜப்பானில் 21 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2022ல் எழுதினார்கள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, நிறையப் பிள்ளைகள் தூங்கியும்விடுகின்றன. ஆனால் உடனே கீழே விட்டால் நம் உடம்பிலிருந்து பிரியும் அந்த நொடியில் முழித்துக்கொள்கிறது. தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, பிறகு கிடத்தினால் தூக்கம் நிலைக்கிறது. என் மாமியார் பிள்ளை தூங்கியபிறகும் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் மடியில் வைத்திருப்பார். எதற்கு என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கிடத்துவது எங்கே? தரையில் பாய், அதன் மேல் மடித்த பருத்திப் புடவை, பெற்றவளுக்குப் பக்கத்தில் தனி இடமாக. தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது. வெயில் காலத்தில் கடலூரில் ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டு வைக்காதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். இதையும் வெட்கப்படாமல் எழுதுகிறேன்: குடித்துவிட்டு வந்தவர் படுக்கையில் பிள்ளையைப் போடாதீர்கள். அவர் புரண்டு படுத்தால் அவருக்கே தெரியாது.

அடுத்தது கொசு. இதைத் தானே புயல்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. மகள் பிரசவித்து எங்கள் வீட்டில் இருந்தாள், பேத்திக்கு 2 மாதம். தெருவில் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மார்கழி மாதம், புழுக்கம் இல்லை. ஆனால் ஃபேன் நின்றதும் கொசு வந்தது, பேத்தியின் தூக்கம் போனது. கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்தோம், பிள்ளை இருமியது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003ல் வந்த ஒரு ஆய்வைப் பிற்பாடு படித்தேன். அப்போது தெரியாது. மூன்றாம் நாள் பரணிலிருந்து பழைய நூல் கொசுவலையை எடுத்து, நாலு மூலையையும் சன்னல் கம்பியிலும் நாற்காலியிலும் கட்டினோம். அன்று ராத்திரி பேத்தி தூங்கினாள். ஃபேன் இல்லை, விளக்கு இல்லை, சத்தப் பெட்டி இல்லை. பாய், புடவை, கொசுவலை, பக்கத்தில் அம்மா. அவ்வளவுதான் தேவை என்று எனக்குத் தெரிந்த ராத்திரி அது.

இது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் நம் மாநில அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். 16 பொருள்கள், மதிப்பு 1,000 ரூபாய். துண்டு, உடை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம், இவற்றோடு ஒரு குட்டிப் படுக்கையும் கொசுவலையும். பின்லாந்து நாட்டில் இப்படியொரு பெட்டி 1938லிருந்து உண்டு. முதலில் ஏழைத் தாய்மார்களுக்கு, 1949லிருந்து எல்லோருக்கும். அந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே சின்ன மெத்தை போட்டுப் பிள்ளையைப் படுக்க வைப்பார்கள். பணக்கார நாட்டுப் பிள்ளை அட்டைப்பெட்டியில் தூங்குகிறது, நாம் 31,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறோம். (எந்த ஆட்சியில் கொடுத்தது என்ற சண்டை கமெண்டில் வேண்டாம்.)

தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒன்று, இரண்டு வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பள்ளிக்கூட வளாகத்திலேயே ஒரு பால்வாடி இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வாய் கழுவி, பாய் விரித்து, ஆயா ஒரே பாட்டை முணுமுணுப்பார். 20 பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள். வீட்டில் ஒரு பிள்ளையைத் தூங்க வைக்க இரண்டு பேர் திண்டாடுகிறார்கள். ஆயாவிடம் இருந்தது ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பாட்டு. வீட்டில் இருப்பது செல்போன். சோறு ஊட்டவும் போன், தூங்க வைக்கவும் போன். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். முதல் மூன்று நாள் கத்தும். அதைத் தாங்க வேண்டியது நாம்தான்.

இப்போது மறுபடி சிதம்பரத்துப் பெண்ணிடம் வருகிறேன். அவள் பிள்ளைக்கு உடம்பில் ஒன்றுமில்லை, டாக்டரிடம் காட்டிவிட்டாள். எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது. ராத்திரி எழுவது அந்த வயதுக்கு இயல்பு. தூக்கம் இல்லாதது அவளுக்குத்தான். அவளுக்குத் தூக்கம் இல்லாததால் பிள்ளைக்கு மருந்து. 1987ல் நான் செய்ததும் அதுதான். எனக்கு 90 நாளுக்குப் பதில் இன்னும் மூன்று மாதம் கிடைத்திருந்தால் அந்தப் பாட்டிலை நான் தொட்டிருக்கமாட்டேன். தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 2011ல் 6 மாதமானது, 2016ல் 9 மாதமானது, 2021ல் 12 மாதமானது. என்னுடன் வேலை பார்த்த இளைய டீச்சர்கள் விடுப்பு முடிந்து நடக்கும் பிள்ளையோடு வந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு? "மூணு மாசத்துல வரலைன்னா வேற ஆளு போட்டுக்குவோம்னு சொல்லிட்டாங்க" என்றாள். "சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?" என்று கேட்டேன். பிடிக்கிறார்களாம். அப்படியானால் பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் 26 வாரத்துக்குச் சம்பளப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். கடை கையிலிருந்து ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்துவதும் சட்டப்படி குற்றம். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்பது 2017லிருந்து சட்டம். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சிரப் பெயரைச் சொல்ல மட்டும் நாலு பேர் இருக்கிறார்கள். சுற்றி இருக்கும் நாம் இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்: "பிள்ளை தூங்குதா?" என்று கேட்டதும், "நீ எப்பம்மா தூங்கின?" என்று.

நேற்று என் மாணவன் ஒருவன், இ.எஸ்.ஐ. விவகாரம் தெரிந்தவன், அவளோடு போனில் பேசியிருக்கிறான். காகிதங்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். கடையில் பேசுவதற்கு அவள் வீட்டுக்காரரும் வருகிறார். என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

வருகிற சனிக்கிழமை நான் சிதம்பரம் போகிறேன். காலை 10 மணியிலிருந்து 4 மணி வரை பிள்ளை என்னிடம், பாலுக்கு மட்டும் அவளை எழுப்புவேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் தேவை. சிதம்பரம், புவனகிரி பக்கம் இருக்கும் என் பழைய மாணவிகளில் யாருக்கு வசதியோ எனக்குத் தனியாக எழுதுங்கள். வரும்போது துவைத்து நைந்த பருத்திப் புடவை இரண்டு எடுத்து வாருங்கள். கொசுவலையை நான் வாங்கிவிட்டேன்.